சூடேறாத கார்டுகள்

"யா அல்லாஹ்... ஓடியாங்களேன்! என் தம்பி... என் தம்பி!"

தேவிபட்டினத்துக்குத் தெற்கே, ஓர் இறால் பண்ணையின் கொட்டகைக்குள்ளிருந்து வந்தது அந்த அலறல்.

தகவல் கிடைத்து வந்த இன்ஸ்பெக்டர் முருகலட்சுமி ஜீப்பிலிருந்து இறங்கி உள்ளே ஓடினாள்.

தம்பி ஆதில் மல்லாந்து கிடந்தான். வலது உள்ளங்கை கருகியிருந்தது.

உயிர்... எப்போதோ போயிருந்தது!

அவனுக்குப் பின்னால் இரும்பு ரேக்கில் வரிசையாக கிராஃபிக்ஸ் கார்டுகள். கேம் விளையாட வாங்கியவை அல்ல. ராப்பகலாகக் கணக்குப் போட்டு கிரிப்டோ காயின் சம்பாதித்துத் தருபவை!

"என்ன பாய் நடந்துச்சு?"

அலறிய அண்ணன் சதக்கத்துல்லாதான் பண்ணை முதலாளி. கைலி நுனியில் கண்ணைத் துடைத்தான்.

"காயின் பத்தலைன்னு காலையிலருந்தே புலம்புனான் மேடம். என் கண்ணு முன்னாடி உக்காந்து, பாஸ்வேர்டைப் போட்டு, எல்லாக் கார்டுக்கும் ஃபுல் கரண்டு ஏத்துனான். சூட்டுல ஒயரு உருகிருச்சு. தொட்டான்... தூக்கி அடிச்சிருச்சு! நான்தான் ஓடிப்போயி மெயினை ஆஃப் பண்ணேன்."

"கார்டோட கரண்டு, வேகம் எல்லாம் ட்யூன் பண்றது அவருதானா?"

"அவனை விட்டா யாரு? அவன்தான் மேடம் மூளை! சட்டுன்னு ஆக்சிடெண்ட்டுன்னு எழுதி விட்ருங்க. சாயங்கால அஸர் தொழுகைக்குள்ள அடக்கணும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி அறுக்க வேணாம்."

பாவம்... நியாயமான வேண்டுகோள்! முருகலட்சுமி பேனாவைத் திறந்தாள்.

"எழுதாதீங்க மேடம்!"

வாசலில் ஆதிலின் மனைவி சூஃபியா. அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது!

"இப்ப அடக்கிட்டா அப்புறம் எதையும் கண்டுபிடிக்க முடியாது. இவரு சொல்றது பூராப் பொய்யி!"

"ஏ புள்ள! மையித்துக்கு முன்னாடி பேசுற பேச்சா இது?"

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"காயினுக்காக யாரும் கரண்டை ஏத்த மாட்டாங்க மேடம். குறைப்பாங்க! மெமரி வேகத்தை மட்டும்தான் கூட்டுவாங்க. அப்பத்தான் சூடும் ஏறாது, காயினும் குறையாது."

சதக்கத்துல்லா முருகலட்சுமியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"புருசன் சொன்னதை அப்படியே ஒப்பிக்கிறா மேடம். இன்னிக்கு அவனுக்குப் பேராசை. ஏத்திட்டான்."

"அவரே பாஸ்வேர்டைப் போட்டதைப் பாத்தீங்களா, பெரிய மச்சான்?"

"இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்!"

"சத்தியமா?"

"அல்லா மேல சத்தியமா!"

சூஃபியா செல்ஃபோனை முருகலட்சுமியிடம் நீட்டினாள்.

"என் புருசனுக்கு பாஸ்வேர்டே தெரியாது மேடம்!"

"என்னம்மா சொல்றே?"

"ட்யூன் பண்றது நான்! வீட்டுல உக்காந்து, இந்த ஃபோன்லருந்தே! பொம்பளை கையில கார்டைக் குடுக்க இவரு சம்மதிக்க மாட்டாருன்னு அவரு தன் பேரைச் சொல்லிக்கிட்டாரு. நானும் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

முருகலட்சுமி திரையைப் பார்த்தாள்.

மெயின் அணைந்த நொடி வரை எல்லாக் கார்டுகளும் ஒரே அளவில்... நூற்றிருபது வாட்! ஒரு வாட்கூட ஏறவில்லை.

"அப்ப எதுக்கு பாய் பொய் சொன்னீங்க?"

சதக்கத்துல்லா கைலியை மடித்துக் கட்டியபடி வாசல் பக்கம் நகர்ந்தான்.

"நான் சொல்றேன் மேடம்," என்றாள் சூஃபியா. "இங்கன ஓடுறது திருட்டுக் கரண்டு. மீட்டருக்கு வராம வெளியவே கொக்கி போட்டு இழுத்தது. இனிமே நமக்கு வேணாம், ஈ.பி. ஆபீஸ்ல சொல்லிடப் போறேன்னு அண்ணன்கிட்ட சொல்லத்தான் அவரு இன்னிக்கு வந்தாரு!"

முருகலட்சுமி குனிந்து ஆதிலின் தலையை மெல்லத் திருப்பினாள்.

பின்மண்டையில்... ரத்தம் உறைந்த பிளவு! விழுந்து பட்ட காயமல்ல, கம்பியால் அடித்த நீளத் தடம்!

"அடிச்சு மயக்கி, அப்புறம் கையில ஒயரை வெச்சிருக்கீங்க. கூடப்பொறந்த தம்பியாச்சே பாய்!"

"இவளா...?" சதக்கத்துல்லா சூஃபியாவையே வெறித்தான். அப்போதும் அவன் தம்பியைப் பார்க்கவில்லை. "இத்தனை நாளா இவளா? முன்னாடியே தெரிஞ்சிருந்தா..."

"வேற பொய்யை யோசிச்சு வெச்சிருப்பீங்க. அதானே?"

சூஃபியா இப்போதுதான் தரையில் சரிந்தாள். கருகிய அந்தக் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வாய்விட்டு அழுதாள்.

"கெட்டிக்காரன்னு நாலு பேரு அவரைப் பாராட்டுறதைக் கேக்க எனக்கு ஆசையா இருந்துச்சு மேடம். நான்தான்னு சொல்லித் தொலைச்சிருந்தா, இவரு கார்டையே குடுத்திருக்க மாட்டாரு, இந்தக் கொட்டகைக்குள்ளயே அவரு வந்திருக்க மாட்டாரே!"

முருகலட்சுமி தன் கோபம் முழுவதையும் சதக்கத்துல்லாவின் கையில் விலங்காக மாட்டினாள்.

"ஏறுங்க பாய் ஜீப்புல. இனி நீங்க இருக்கப்போற எடத்துல லைட்டு, ஃபேனு எல்லாமே கவர்மெண்ட் செலவு... கொக்கி போடுற வேலையே இல்ல!"