ஆயிடும் என்றவனும் ஆனா என்றவளும்

அன்றைக்குப் பெய்த மழை இருக்கிறதே... அதில் ஒரு யானை நனைந்திருந்தால் சாயம் போய் வெள்ளையாகியிருக்கும்! பேருந்து நிறுத்தத்தில் ஒதுங்கி நின்றவள் முன்னால் ஒரு குடை வந்து நின்றது. குடைக்குக் கீழே இரண்டு கண்கள். அவற்றின் வெளிச்சத்துக்குத் தெருவிளக்கையே அணைத்து மின்சாரத்தை மிச்சம் பிடித்திருக்கலாம்.

“அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குத்தானே? வாங்க, ரெண்டு பேருக்கும் தாராளமா ஆயிடும்.”

“ஆனா... குடை சின்னதா இருக்கே?”

“ஆயிடும்ங்க!”

ஆகவில்லை. பாதி வழியில் ஒரு காற்று... குடை தாமரையாக மேல்நோக்கி மலர்ந்துவிட்டது. இருவரும் தொப்பலாக நனைந்தார்கள். அவள் முறைத்தாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்துத் தொலைத்தது. கோபம் இன்னும் ஏறியது அதனால்தான்.

மென்பொருளில் ஓட்டை தேடுவது அவள் வேலை. டெஸ்ட்டர். அன்றுதான் புது டீமில் சேருகிறாள். மீட்டிங் அறைக் கதவைத் திறந்தால்... அதே ஈரச்சட்டை உட்கார்ந்திருக்கிறது! புரோகிராம் எழுதுகிறவனாம்.

அந்த டீமில் ஒரு வழக்கம். ஒரு வேலை எவ்வளவு கஷ்டம் என்று அவரவர் நினைக்கும் எண் சீட்டை மேஜையில் கவிழ்த்து வைத்து, எல்லோரும் ஒன்றாகத் திருப்ப வேண்டும். எண்கள் ஒத்துப்போனால் பேச்சே கிடையாது, வேலையைத் தொடங்கிவிடலாம். ஒத்துப்போகாவிட்டால் சின்ன எண்காரரும் பெரிய எண்காரரும் காரணம் சொல்லியாக வேண்டும். சீட்டுக்கட்டிலேயே பெரிய எண் நூறு. அதை யாரும் தொட்டதே இல்லை.

அவன் வைத்தது இரண்டு. அவள் வைத்தது பதிமூன்று.

“எழுதுறதுக்கு ரெண்டு போதுமே?”

“எழுதிடுவீங்க. அதுல இருக்கற ஓட்டையை யார் தேடுறது? உங்க குடையா?”

டீம் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டடத்தின் கண்ணாடி அதிர்ந்தது. அன்றிலிருந்து அவன் ‘ஆயிடும்’, அவள் ‘ஆனா’. பெற்றவர்கள் வைத்த பெயர் மறந்தே போயிற்று.

மறுவாரம் அவன் புதுக்குடை வாங்கினான். அதன் கீழே ஒரு பள்ளிக்கூடமே நடத்தலாம். தினமும் மாலையில் அதில் பேருந்து நிறுத்தம் வரை வருவதை அவள் வழக்கமாக்கிக்கொண்டாள். மழை இல்லாத நாளிலும்தான்...

அப்புறம்தான் வந்தது வினை. வீடியோ காலில் வாடிக்கையாளர், “வெள்ளிக்கிழமைக்குள்ள முழுசா முடியுமா?” என்று கேட்க, இவன் யாரையும் கேட்காமல், “ஆயிடும் சார்!” என்றுவிட்டான்.

அவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

“என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“சமாளிச்சிடலாங்க. நானே டெஸ்ட் பண்ணிக்கறேன்...”

“உங்க தப்பு உங்க கண்ணுக்கே தெரியும்னா நான் எதுக்கு? வெள்ளிக்கிழமை எங்கப்பாவுக்குக் கண் ஆபரேஷன். நான்தான் கூட இருக்கணும். போன மாசமே லீவு சொல்லியாச்சு. அவர்கிட்ட வந்து ஆயிடும்னு சொல்லுங்களேன்!”

அவனோ சொன்ன வார்த்தையிலிருந்து பின்வாங்கிப் பழக்கமில்லாதவன், ரோஷக்காரன். அவள் அன்று தனியே நடந்தாள். குடையில்லாமல், திரும்பிப் பார்க்காமல். ‘நாளைக்கு இவனோடு ஒரு வீட்டில் இருந்தாலும் என்னைக் கேட்காமல் எனக்கும் சேர்த்து இவன்தான் வாக்குக் கொடுப்பானோ?’ ச்சே, வீடு எங்கே வந்தது நடுவில் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அடுத்த வீடியோ காலில் அவன் தொண்டையைக் கனைத்தான். காதுமடல் இரண்டும் தக்காளி.

“சார், நான் சொன்ன தேதி தப்பு. டீமைக் கேக்காம சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை பாதிதான் தர முடியும். மீதி, எங்க டெஸ்ட்டர் வந்து பார்த்த பிறகுதான்.”

வாடிக்கையாளர் முகம் எலுமிச்சை கடித்தது போல் சுருங்கியது. “இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேப்பா...” என்று இழுத்தவர், ஒத்துக்கொண்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கண் கலங்கியதை டீம் பார்த்தால் அதற்கும் ஒரு பட்டப்பெயர் வைக்கும்.

வெள்ளிக்கிழமை. ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குக் கட்டுப் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். போனில் ஒரு செய்தி: ‘அங்கே வரலாமா? வேண்டாம் என்றால் வரமாட்டேன்.’

முதல் தடவையாக... கேட்கிறான்! அவள் வரச் சொன்னாள்.

வெளியே மழை. அப்பா மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால் வாசலைப் பார்த்தார். “யாரும்மா அது, கூடாரத்தைத் தூக்கிட்டு வர்றாரு?”

“கூட வேலை செய்யறவர்ப்பா.”

“வேலை மட்டும்தானா?” என்றவர், தூங்குவதாகப் பாவனை செய்தார். குறட்டை கொஞ்சம் அதிகம்.

அவன் பையிலிருந்து இரண்டு சீட்டுக்கட்டுகளை எடுத்தான். ஒன்றை அவளிடம் நீட்டினான்.

“ஒரு வேலை இருக்கு... கேட்டுட்டுத்தான் தொடங்கணும். காலம் பூரா என்கூட இருக்கறது. அது எவ்வளவு கஷ்டம்னு... நீங்களும் ஒண்ணு வைங்க.”

நடுவிலிருந்த நாற்காலியில் இரண்டு சீட்டுகள் கவிழ்ந்தன. சேர்ந்து திருப்பினார்கள்.

நூறு. நூறு!

“இவ்வளவு கஷ்டமாவா வச்சீங்க?” அவன் குரல் உள்ளே போனது. “ஆனா...”

“ரெண்டும் ஒண்ணா வந்தா பேச்சே கிடையாதுன்னு மறந்துட்டீங்களா?”

குறட்டை சட்டென நின்றது. அவள் அந்தப் பெரிய குடையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அவனைப் பார்க்காமலே சொன்னாள்:

“ஆயிடும்.”