கப்பலுக்கு முன்னால் ஒரு தீவு

"போலின்னு கண்டுபுடிச்சுச் சொன்னதே நான்தான். என்னையே திருடின்னா, இனிமே எவ உண்மையைச் சொல்லுவா?"

ஜமுனாமரத்தூரில் ஜீப்பை விட்டு இறங்கிய கோகிலவாணிக்கு, ஊர் நூலகத்தில் வேலை பார்க்கும் அபிநயா வணக்கம்கூட வைக்கவில்லை. எடுத்த எடுப்பில் இதைத்தான் கேட்டாள். ஐந்து மணிக்குள் களவுபோன பழைய வரைபடம் கிடைக்காவிட்டால் அவள்மேல் போலீசில் எழுதிக் கொடுத்துவிடுவதாக நூலகச் செயலாளர் கண்ணாயிரம் சொல்லியிருந்தார். வழக்கு என்று வந்துவிட்டால், ஊரிலேயே முதல் பெண்ணாக அவள் வாங்கிய கல்லூரிப் பட்டத்தைச் சுருட்டிப் பரணில் போட வேண்டியதுதான்.

கோகிலவாணி நில அளவைத் துறையில் முப்பது வருடம் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். போலி வரைபடத்தைப் பிடித்துக் கொடுப்பதில் வேலூர் வட்டாரத்தில் பெயர் எடுத்தவர். "மொதல்ல நடந்ததைச் சொல்லு. அப்புறம் சேர்ந்து திட்டலாம்," என்றார்.

"அக்கா, செருப்புத் தடம் ஏதாச்சும் பார்க்கலாமா?" என்றான் ஜீப் ஓட்டி வந்த சக்திவேல். அவருடைய ஒவ்வொரு விசாரணையிலும் ஒட்டிக்கொள்கிறவன்.

"மாசி மாசத்துல ஏதுடா சேறு? சும்மா வா."

நடந்துகொண்டே அபிநயா சொன்னாள். மலையில் வைத்தியம் பார்த்து இறந்துபோன டாக்டரம்மா ஒருவர் ஊர் நூலகத்துக்கு எழுதி வைத்த நான்கு கண்டங்களின் வரைபடங்கள் அவை. முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன் ஐரோப்பாவில் செப்புத் தகட்டில் கோடு கீறி அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டியவை. ஓரத்தில் ராஜாக்கள், கடலில் கப்பல்கள், ஊருக்கு ஊர் சிவப்புப் புள்ளி. போன வாரம் ஆணி கழன்று ஆசியா கீழே விழுந்தது. சட்டத்தின் பின்னட்டை திறந்துகொண்டது.

"அந்தக் காலத்துப் பச்சைச் சாயம் தாளை அரிச்சு, பின்பக்கம் பழுப்பா எறங்கும்னு டாக்டரம்மாவே காட்டியிருக்காங்க. இதுல ஒரு கறையும் இல்ல. ஓடிப்போய்ச் சொன்னேன். சாவி உன்கிட்டதானேன்னு என்னையே புடிச்சிக்கினாங்க."

"வேற யாரு சாவி வாங்குவாங்க?"

"செயலாளர் வாங்குவாரு. படத்துல பூஞ்சை புடிச்சிருக்கான்னு பார்க்க தேவராஜ் அண்ணன் வாங்குவாரு. கார்த்திகைல சட்டம் தொடைக்கவும் வாங்கினாரு."

நூலகக் கூடத்தில் இருவரும் காத்திருந்தார்கள். கண்ணாயிரம் நாற்காலியை விட்டு எழவில்லை. "காட்டுல பொறந்ததுக்கு இதோட அருமை இன்னா தெரியும்? எவனோ ஆசை காட்டியிருப்பான்," என்றார்.

வேலூரிலிருந்து வந்து படங்களைச் செப்பனிட்டுக் கொடுக்கும் தேவராஜ் இதமாகக் குறுக்கிட்டார். "விடுங்க சார், சின்னப் பொண்ணு. போலீசெல்லாம் வேணாம். வேலையை விட்டு அனுப்பிட்டாப் போதும்."

"உங்க தயவு எனக்கு வேணாம்ணே," என்றாள் அபிநயா. தயவு காட்டுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு இன்னும் எரிந்தது.

கோகிலவாணி போலிப் படத்தை மேசையில் விரித்தார். சக்திவேல் லென்ஸை வாங்கிக்கொண்டு கடல் கடலாக மேய்ந்தான். "அக்கா, இந்தக் கப்பலுக்கு முன்னால ஒரு தீவு கீது. மஞ்சக் கரை, நடுவுல சிவப்பா ஒரு ஊரு. குட்டிப் பாறைக்கெல்லாம் பேரு போட்டவன் இதை உட்டுட்டான்."

அபிநயா எட்டிப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். கோகிலவாணி படத்தை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"பேரு மட்டுமா? கரைக்கோடே இல்லடா. மொதல்ல கோடு, அப்புறந்தான் வண்ணம். கோடு இல்லாத தீவை எவனும் வரைய மாட்டான். படத்துக்கு மேல இருந்த எதுவோ போட்டோவுல விழுந்து, அப்படியே அச்சாகியிருக்கு. அபிநயா, அது இன்னான்னு உனக்குத் தெரியும். திட்டு விழுந்தா விழட்டும், சொல்லு."

படங்கள் பக்கம் விரல்கூடப் போகக் கூடாது என்பது கண்ணாயிரத்தின் கட்டளை. அபிநயா தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "சரஸ்வதி பூஜை அன்னிக்கி எல்லாரும் போனப்புறம் கப்பலுக்குப் பொட்டு வெச்சேன். கண்ணாடி மேலதான். சந்தனம் வெச்சு, நடுவுல குங்குமம். வண்டிக்கெல்லாம் வைக்கிறோம், கப்பல் மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சு?"

சக்திவேல் சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினான்.

"எப்பத் தொடைச்ச?"

"புதன் சாயந்திரம் வெச்ச கையோட பூட்டிட்டு ஊருக்குப் போய்ட்டேன். வெள்ளிக்கிழமை காலைல வந்து தொடைச்சேன்."

"நடுவுல வியாழக்கிழமை, விஜயதசமி. அன்னிக்கி சாவி யார்கிட்ட?"

அபிநயா நிமிர்ந்தாள். "பஸ் ஏறும்போது தேவராஜ் அண்ணன் வந்து வாங்கினாரு. நாளைக்குப் பூஞ்சை பார்க்கணும்னாரு. வெள்ளிக்கிழமை காலைலதான் திருப்பிக் குடுத்தாரு."

"அந்த ஒரு நாள்லதான் இந்தத் தீவு இருந்திச்சு," என்றார் கோகிலவாணி. "கண்ணாடியோட போட்டோ எடுத்து, அச்சடிச்சு, கார்த்திகைல சட்டம் தொடைக்க வந்தப்ப மாத்தியிருக்கீங்க தேவராஜ். பூஜைக்குச் சட்டத்துல பொட்டு வைப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியும். கப்பலுக்குப் பொட்டு வைக்கிற ஒருத்தி இருப்பான்னு தெரியல. படத்தோட தீவுன்னே நெனைச்சிட்டீங்க. போலீஸ் வேணாம்னது இவளுக்காக இல்ல, உங்களுக்காக."

தேவராஜ் நெற்றியைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தார். "வேலூர்ல என் பட்டறைலதான் இருக்கு. இன்னும் கை மாத்தல," என்றார். இந்த முறை கண்ணாயிரம் ஐந்து மணிக்காகக் காத்திருக்கவில்லை. அப்போதே போலீசுக்குப் போன் போட்டார்.

விசாரணையெல்லாம் முடிந்து அசல் படம் சுவருக்குத் திரும்ப ஒரு மாதம் ஆனது. அன்று கோகிலவாணியும் வந்திருந்தார். அவரிடம் என்ன சொல்வதென்று நான்கு நாளாக யோசித்தும் அபிநயாவுக்கு வார்த்தை வாய்க்கவில்லை. திட்டுவதற்குத் தேடாமலே கிடைக்கிற வார்த்தை இதற்குக் கிடைக்கவில்லை. கிண்ணத்தில் சந்தனம் குழைத்துவந்து, கண்ணாடி மேல் கப்பலுக்கு முன்னால் ஒரு பொட்டு வைத்தாள்.

"இன்னிக்கி இன்னா பூஜை?" என்றார் கண்ணாயிரம்.

"பூஜை இல்ல சார். மேடத்துக்கு நன்றி."

கண்ணாயிரம் குங்குமச் சிமிழை எடுத்து அவளிடம் நீட்டினார். "நான் பேசினது தப்பும்மா. நடுவுல இதையும் வை."

வைத்தாள். கோகிலவாணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வாசலிலிருந்து சக்திவேலின் குரல் கேட்டது:

"அபிநயா, சந்தனம் மிச்சம் இருந்தா ஜீப்புக்கும் ஒண்ணு வை. அதுவும்தான் மலை ஏறி வந்துச்சு!"