கிணற்றடியில் ஒரு திருத்தம்

பர்மாச் சண்டைக்குப் போய்வந்ததற்காகச் சர்க்கார் அனுப்பிய மெடல்களைப் புளி போட்டு விளக்கிய பெண்பிள்ளை தென்காசித் தாலுகாவிலேயே சொக்கம்மாள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். முந்தின நாள் தபாலில் வந்தவை அவை. நட்சத்திர வடிவில் ஒன்று, வட்டமாக இரண்டு, ஒவ்வொன்றிலும் வண்ண நாடா. புதுசாக வந்ததையே மங்கல் என்று சொல்லி, விடிந்ததும் விடியாததுமாகக் கிணற்றடிக்குக் கொண்டுவந்து, குத்துவிளக்கோடு சேர்த்து வைத்து நாடாவோடு தேய்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் இறைத்து ஊற்றியவள் அவளுடைய ஓரகத்தி முத்துவடிவு. அந்த வீட்டில் மூத்த மருமகள் தேய்த்தால் இளைய மருமகள் ஊற்ற வேண்டும். பத்து வருஷமாக அதுதான் சட்டம்.

எட்டு வீட்டுக்கும் பொதுவான கிணறு அது. எதிர்வீட்டு நாச்சியார் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, இதெல்லாம் யாருக்கு வந்தது என்று கேட்டாள். சொக்கம்மாள் எட்டு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி பதில் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரருக்குத்தான். நாலு வருசம் பர்மாக் காட்டுல கெடந்தாகல்லா? வார ஆகஸ்டு பதினஞ்சுக்கு மேடையில ஏத்தி மால போடுதாகளாம்."

"சின்னவருக்கு ஒண்ணும் இல்லையா?"

"அவுக அப்போ கொழும்புக்கு ஓடிப்போயிருந்தாக. ஓடிப்போன ஆளுக்கு யாரு மெடல் குடுப்பா?" என்ற சொக்கம்மாள், திரும்பிப் பார்க்காமலே, "ஊத்தட்டி, என்ன பாத்துக்கிட்டு நிக்கே?" என்றாள்.

முத்துவடிவு ஊற்றவில்லை. வாளியைக் கல்லின்மேல் வைத்தாள். எத்தனை நாக்கு இருந்தால் இப்படிப் பேச முடியும் என்று நினைத்தாள். பர்மாக் காட்டில் கிடந்தது யார் என்று அவளுக்குத் தெரியும். அவளைவிட நன்றாகச் சொக்கம்மாளுக்கே தெரியும்.

நாற்பத்திரண்டாம் வருஷம் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு பட்டாளத்தில் பெயர் கொடுத்தவர் பெரியவர் நமசிவாயம். ரயிலேற வேண்டிய நாள் வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார். போகாவிட்டால் பிடித்துப்போவார்கள். சொக்கம்மாள் அப்போது மூன்று மாதக் கர்ப்பிணி. தாயார் யோசித்தாள். யோசித்து, பதினேழு வயசான இளைய மகன் வல்லிநாயகத்தின் காலில் விழுந்தாள். பெற்ற தாய் காலில் விழுந்தால் எந்தப் பிள்ளை முடியாது என்பான்? அண்ணனுடைய பள்ளிக்கூடச் சான்றிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அண்ணன் பெயரிலேயே அவர் ரயிலேறினார். நமசிவாயம் நாலு வருஷமும் செங்கோட்டையில் மாமனார் வீட்டு மச்சில் இருந்தார். செங்கோட்டை அன்றைக்குத் திருவிதாங்கூர் சீமை. தென்காசிக்காரன் யாரும் அங்கே போய்த் தேடப்போவதில்லை.

குண்டு வெடித்து இடது காது அடைத்துப்போய் வல்லிநாயகம் திரும்பி வந்தபோது, அவர் கையில் இருந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அண்ணன் பெயர் இருந்தது. அந்தப் புத்தகத்தைக் காட்டித்தான், பட்டாளத்தில் இருந்து வந்தவர்களுக்கு ஒதுக்கிய சர்க்கார் குமாஸ்தா வேலையில் நமசிவாயம் நாற்பத்தொன்பதில் சேர்ந்தார். சேர்ந்த நாளிலிருந்து வீட்டில்கூடப் பனியனைக் கழற்றியதில்லை. குற்றாலத்து அருவியிலும் பனியனோடுதான் நிற்பார். உத்தியோகக் கௌரவம் போலிருக்கிறது என்று முத்துவடிவு நினைத்துக்கொள்வாள். தம்பி அந்த நாலு வருஷம் எங்கே இருந்தான் என்று ஊர் கேட்டதற்குத்தான் கொழும்புக் கதை.

இத்தனையும் அவளிடம் சொன்னது மாமியார்தான். கல்யாணமாகி வந்த வருஷமே பூஜையறையில் நிறுத்திச் சூடம் ஏற்றி, நான் இருக்கிற வரைக்கும் வாயைத் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஓடுகாலி பெண்டாட்டி என்றார்கள், செவிடன் பெண்டாட்டி என்றார்கள், முத்துவடிவு வாயைத் திறக்கவில்லை. போன ஐப்பசியில் மாமியார் போய்ச் சேர்ந்தாள். சத்தியமும் அன்றோடு போயிற்று.

வீட்டுக்குள் போனாள். வல்லிநாயகம் வயலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அரிசிப்பானைக்கு அடியில் மூன்று மாதமாக மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல அவருடைய வலப்பக்கமாய்ப் போய் நின்று நீட்டினாள். கோர்ட்டுக்கு எதிரே டைப் அடிக்கிறவரிடம் சொல்லி வாங்கிய மனு. பட்டாளத்து ரெக்கார்டில் பெயரைத் திருத்த வேண்டும் என்று இங்கிலீஷில் இருந்தது. அவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"அண்ணன் வேல போயிரும் வடிவு" என்றார்.

"அவுக வேலையப் பிடுங்கணும்னு நான் சொல்லல. நீங்க ஓடிப்போனவருன்னு அக்கா சொல்லச் சொல்ல, நான் இன்னும் எத்தன நாளைக்குப் பக்கத்துல நின்னு தண்ணி ஊத்த? அத மட்டும் சொல்லுங்க, வாயப் பொத்திக்கிடுதேன்."

அவர் தோளில் கிடந்த மண்வெட்டியை இறக்கி வைத்தார். பிறகு பேனாவை வாங்கினார். நாலு வருஷத்துப் பழக்கம், கை தன்னால் அண்ணன் பெயரை எழுத ஆரம்பித்தது. அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் வல்லிநாயகம் என்று நிறுத்தி எழுதினார்.

ஆடி பிறந்ததும் இரண்டு கடிதங்கள் வந்தன, அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. படைவீரர்களின் காரியங்களைப் பார்க்கிற அதிகாரி சீசனுக்குக் குற்றாலத்தில் பங்களா எடுத்துத் தங்கியிருக்கிறார், டிஸ்சார்ஜ் புத்தகத்தோடும் மெடல்களோடும் வந்து ஆஜராக வேண்டும் என்று எழுதியிருந்தது. வீட்டில் இடி விழுந்தது. நமசிவாயம் கூடத்தில் நின்றுகொண்டு, கூடப்பிறந்தவனே குடும்பத்தைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டான், இனி ஒரே உலையில் சோறு பொங்கக் கூடாது என்று கத்தினார். முத்துவடிவு கொல்லைப்புறத்தில் மூன்று கல்லைக் கூட்டித் தனியாக உலை வைத்தாள். சோறு அன்றைக்குக் கொஞ்சம் குழைந்துபோயிற்று, ஆனாலும் அவள் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

குற்றாலத்துக்கு நாலு பேரும் ஒரே பஸ்ஸில்தான் போனார்கள், முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். வெளியே சாரல் நூல் நூலாக விழுந்துகொண்டிருந்தது. முத்துவடிவுக்கு நெஞ்சில் பயமே இல்லை. புத்தகத்தில் அடையாளம் என்று பட்டாளத்து டாக்டர் என்ன எழுதினார் என்று வல்லிநாயகம் அவளுக்குச் சொல்லியிருந்தார். தொப்புளுக்கு இடப்பக்கம் மூன்று சூட்டுத் தழும்பு. கைக்குழந்தையாய் இருந்தபோது இழுப்பு வந்ததற்கு மாமியார் மஞ்சளைச் சுட்டு வைத்த சூடு. பெண்டாட்டிக்குத் தெரியாத தழும்பா? சட்டையைக் கழற்றினால் தீர்ந்தது விஷயம் என்று இருந்தாள்.

அதிகாரி அருவியில் குளித்துவிட்டு, எண்ணெய் போகாத தலையோடு வந்து உட்கார்ந்தார். டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் புரட்டினார். ரேகை வைத்த பக்கம் வீட்டுக் கூரை ஒழுகலில் நனைந்து வெறும் மசியாகக் கிடந்தது. அதனால் இரண்டு பேரையும் கதை கேட்டார். நமசிவாயம் மணிமணியாகச் சொன்னார். எந்த ஆறு, எந்த முகாம், எந்த சுபேதார் என்று எல்லாம் தம்பியிடம் கேட்டு நெட்டுருப் போட்டவை. வல்லிநாயகம் தொடங்கினார், கூடப்படுத்திருந்த ஒருவன் காலையில் எழுந்திருக்காத இடம் வந்ததும் நிறுத்திவிட்டார். அதிகாரியின் முகம் பெரியவர் பக்கமே திரும்பியிருந்தது.

அடையாளத்தைப் பார்த்துவிடலாம் என்றார் அதிகாரி. வல்லிநாயகம் சட்டையைக் கழற்றினார். மூன்று தழும்பும் இருந்தன. அடுத்து நமசிவாயம் சட்டையைக் கழற்றினார், ஒன்பது வருஷமாகக் கழற்றாத பனியனையும் கழற்றினார். தொப்புளுக்கு இடப்பக்கம் மூன்று தழும்பு.

இப்படி ஒன்று இருக்கும் என்று முத்துவடிவு நினைத்ததே இல்லை.

"ரெண்டு பேருக்கும் இருக்கே. இப்ப என்னம்மா சொல்றீங்க?" என்றார் அதிகாரி.

அவள் இரண்டு பேருடைய தழும்பையும் பார்த்துக்கொண்டே நின்றாள். பிள்ளை பெற்று, குளிப்பாட்டி, வளர்த்த கண் அல்லவா? பார்க்கப் பார்க்க ஒன்று தெரிந்தது. அவளுடைய மகளுக்குக் கைக்குழந்தையில் அம்மைப்பால் குத்திய தழும்பு அன்றைக்கு மிளகளவு இருந்தது. இன்றைக்கு அரையணாக் காசளவு விரிந்திருக்கிறது. முத்துவடிவு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஐயா, பச்சப்புள்ளைக்குப் போட்ட சூடு புள்ளையோட சேந்து வளரும். இவுக தழும்பப் பாருங்க, ஒண்ணுக்கொண்ணு மூணு விரக்கட தள்ளிப்போயி, நீட்டமா வெளுத்துக் கெடக்கு. அவுகளுக்குப் பாருங்க, மூணும் ஒட்டிக்கிட்டு உருண்டையாத் தடிச்சு நிக்கி. அது வளந்த வயித்துல வச்ச சூடு."

அதிகாரி எழுந்துவந்து குனிந்து விரலை வைத்து அளந்தார். முத்துவடிவு அவரைப் பார்க்காமல் சொக்கம்மாள் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இது எப்போ வச்சதுன்னு நீங்க சொல்லுங்க."

சொக்கம்மாளுக்கு ஏதோ ஒரு பொய் வாய்வரைக்கும் வந்து திரும்பிப் போனது தெரிந்தது. அப்புறம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் வச்சேன். புத்தகத்துல எழுதியிருக்க அடையாளம் வேணும்னு, வேலைக்குச் சேரதுக்கு முன்னால, இந்தக் கையாலதான் மஞ்சளச் சுட்டு வச்சேன். துண்டக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தாக. மூணாவதுக்கு என்னால முடியல வடிவு... வைடின்னு எங் கையப் பிடிச்சு அவுகளே அழுத்திக்கிட்டாக. ஒம் மொகத்தப் பாக்கும்போதெல்லாம் அந்தத் தீஞ்ச வாட எனக்கு வரும். அதாலதான் ஒன்ன ஒரு நாளும் நிம்மதியா இருக்க விடல நான்."

முத்துவடிவுக்கும் கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் அவள் நகரவில்லை. அதிகாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இது ஆள்மாறாட்டம், அண்ணன் மேலும் குற்றம், தம்பி மேலும் குற்றம் என்றார். பிறகு குரலை இறக்கி, மெடல்களைத் தம்பி கையில் கொடுத்துவிடச் சொல்லுகிறேன், ரெக்கார்டு அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும், ஒருத்தருக்கும் வேலை போகாது, குடும்பத்தோடு சமாதானமாகப் போங்கள் என்றார். நல்ல மனுஷர்தான். வல்லிநாயகம்கூடத் தலையாட்டப் போனார்.

"வேண்டாம்யா. மெடல நீங்களே வச்சுக்கிடுங்க. எனக்கு அவுக பேரு வேணும். பதினேழு வயசுல ஆத்தாளுக்காகப் போனாக, அண்ணனுக்காக வாய மூடிக்கிட்டாக. செத்திருந்தா அங்கன அண்ணன் பேரச் சொல்லித்தான் பொதச்சிருப்பாக. உயிரோட வந்த மனுசனுக்கு அவுக பேரக் குடுத்திருங்க, அது போதும்."

சொக்கம்மாள்தான் முதலில் எழுந்தாள். மேஜைமேல் இருந்த காகிதத்தை எடுத்துத் தன் புருஷன் முன்னால் வைத்தாள்.

"எழுதுங்க. நான் பட்டாளத்துக்குப் போகல, போனது எந் தம்பின்னு எழுதுங்க. வேல போனாப் போவுது. எங்கப்பா வீட்டு வயலு செங்கோட்டையில கெடக்கு. எனக்கு இந்த வாட போனாப் போதும்."

நமசிவாயம் எழுதினார். எழுதி முடித்துவிட்டுத் தம்பியின் நல்ல காதுப்பக்கம் போய் நின்று ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று இன்றுவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. வல்லிநாயகம் அண்ணன் தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு நேரே பேரருவிக்குப் போனார். கழற்றிய பனியனை அண்ணன் தன் கையிலேயே சுருட்டி வைத்திருந்தார். வெற்றுடம்போடு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

அருவிக்கரையில் சொக்கம்மாள் முத்துவடிவின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். முத்துவடிவு கையை விடுவித்துக்கொண்டாள்.

"எங்கிட்ட மன்னிப்புக் கேக்காண்டாம் அக்கா. கெணத்தடியில சொன்னதக் கெணத்தடியிலயே மாத்திச் சொல்லுங்க."

மறுநாள் விடிகாலை. எட்டு வீட்டுப் பெண்களும் குடத்தோடு நின்றார்கள். முத்துவடிவு வழக்கம்போல வந்து, தண்ணீர் இறைக்காமல் நின்றாள். அதிகாரி திருப்பிக் கொடுத்திருந்த மெடல்களைச் சொக்கம்மாள் மடியிலிருந்து எடுத்துக் கல்லின்மேல் வைத்தாள். புளிபட்ட நாடா சுருங்கி நிறமிழந்து கிடந்தது. நாச்சியாரைப் பார்த்துத்தான் சொன்னாள், ஆனால் கடைசி வீட்டுக் கொல்லைவரைக்கும் கேட்டது.

"நாச்சியாரக்கா, நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன். எங் கொழுந்தனார் கொழும்புக்கு ஓடிப்போகல. பர்மாவுக்குப் போனது அவுகதான். ஓடி ஒளிஞ்சது எங்க வீட்டுக்காரரு, எங்க அம்மா வீட்டு மச்சுல. ஒளிச்சு வச்சது நானு."

சொல்லிவிட்டு வாளியை எடுத்து அவளே தண்ணீர் இறைத்தாள். இறைத்து, முத்துவடிவின் குடத்தில் ஊற்றினாள். குடம் நிரம்பி வழிந்தும் நிறுத்தத் தெரியாமல் ஊற்றிக்கொண்டே இருந்தாள். முத்துவடிவு வாளியைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு, அவளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் ஈரச்சேலையோடு அழுத அழுகையைப் பார்த்து நாச்சியாரும் ஓர் ஓரமாய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பட்டாளத்து ரெக்கார்டில் வல்லிநாயகம் என்று திருந்தி வர அப்புறம் ஏழு மாசம் ஆயிற்று. அதற்குள் நமசிவாயத்தின் வேலை போயிற்று, வழக்கு என்று ஏதும் வரவில்லை. கொல்லைப்புறத்து மூன்று கல்லை முத்துவடிவு கிணற்றடியில் அழுத அன்றைக்கே எடுத்துப் போட்டுவிட்டாள்.