குழலியின் பெப்பர்மின்ட் துண்டுகள்

செவ்வாய்க் கிரகத்தின் நான்காம் குமிழிக் குடியிருப்பில் காலைச் சிற்றுண்டி வழக்கம்போல் சுவர்க் குழாயில் வந்து நின்றது. குழலி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊரிலேயே அவள் வீட்டில் மட்டும்தான் பண்டம் சுடும் வெப்பப்பேழை இருந்தது. பழைய விண்கப்பலின் உடைசல்களைக் கொண்டு அவளே செய்தது. பிராணவாயுவைத் தின்னும் அந்தப் பெட்டியைப் பிடுங்கிவிட வேண்டும் என்று ஆட்சிக்குழு ஒற்றைக்காலில் நின்றது.

கடைசியில் ஒரு சமாதானம். நெடுங்காலக் குளிர்துயிலிலிருந்து எழுப்பப்பட்ட பூமிக்காரர் சவரிமுத்து சாப்பிட்டுப் பார்ப்பார். பூமி வீடுகளில் சுட்ட பண்டத்தை ருசித்த நாக்கு ஊரில் அவருக்கு மட்டும்தான். ஆகவே அவர் சொல்வதே தீர்ப்பு.

குழலி மாவும் கொக்கோவும் சர்க்கரையும் பிசைந்து தட்டில் பரப்பிச் சுட்டாள். மேலே பெப்பர்மின்ட் பூச்சு, அதற்கும் மேலே உருக்கிய சாக்லேட். ஆறியதும் விரல் நீளத்துக்கு நறுக்கினாள். பெப்பர்மின்ட் சாறு எவ்வளவு விடுவது என்று சொல்ல ஆளில்லை. நல்ல பொருள்தானே என்று தாராளமாக ஊற்றிவிட்டாள், பாவம்.

குழு சுற்றி நிற்க, சவரிமுத்து ஒரு துண்டைக் கடித்தார். கண்கள் விரிந்தன. விறுவிறுவென்று தண்ணீர்த் தொட்டிக்குப் போனவர், வாய் நிறையக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்தார். குழலிக்கு உயிரே போய்விட்டது.

“ஆகா! பூமியில இப்படித்தான் சாப்பிட்டு முடிப்பீங்களா?” என்றார் குழுத்தலைவி மங்கையர்க்கரசி.

சவரிமுத்து திருதிருவென விழித்தார். “அது இல்லம்மா... அப்படியே பல் தேய்க்கிற பேஸ்ட் மாதிரி இருந்துச்சு. பழக்கதோஷம், கால் தானா போயிருச்சு.”

பற்களை நுண்ணெந்திரங்களே பார்த்துக்கொள்ளும் ஊரில் பல் தேய்ப்பதைக் கண்டவர் யார்? பூமியின் பழக்கம் என்றால் பழக்கம்தான். தலைவியும் ஒரு துண்டைத் தின்று பயபக்தியோடு கொப்பளித்தார். பேழைக்கு அனுமதி கிடைத்தது. குழலி அதைத் தடவிக்கொடுத்து ஆனந்தக் கண்ணீர் விட்டாள்.

சில வாரங்களில் வீட்டுக்கு வீடு வெப்பப்பேழை வந்தது. பக்கத்திலேயே துப்பும் தொட்டி. கொப்பளிக்காதவர்களை நாகரிகம் தெரியாதவர்கள் என்று பேசிக்கொண்டார்கள். அதற்காகக் குளிக்கும் தண்ணீரைக்கூட மிச்சம் பிடித்தார்கள்.

“ரெண்டே சொட்டு விட்டுப் பாரும்மா” என்று சவரிமுத்து குழலியிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லியிருந்தார். அடுத்த விருந்துக்கு அப்படியே செய்தாள். முதல் கடியிலேயே அவளுக்குக் கண் சொக்கியது. சாக்லேட்டின் லேசான கசப்புக்குப் பின்னால் குளிர்ச்சி மெல்ல வந்து நாக்கில் தங்கியது. வாழ்நாளில் இப்படியொரு ருசியை அவள் அறிந்ததில்லை. விழுங்கிவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்க ஆசைப்பட்டாள்.

பக்கத்து வீட்டுத் தேன்மொழி மரியாதையாக டம்ளரை நீட்டினாள். “வாங்கக்கா, எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்.”

குழலி உதவிக்குச் சவரிமுத்துவைத் தேடினாள். அவர் தொட்டியருகே முதல் ஆளாக நின்று கொப்பளித்துக்கொண்டிருந்தார்.