மெழுகுக் கன்னத்தில் ஒரு பொட்டு

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு மார்கழி, ஒரு சனிக்கிழமை மத்தியானம். துப்புரவு வேலைக்கு மகள் பாமாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மனைவி கமலாம்பிகைக்கு அன்று ஷிப்ட். நாலு வயதுப் பிள்ளையை நாங்கள் குடியேறியிருந்த மனோர் பார்க் வீட்டில் தனியே விட முடியுமா?

நான் துப்புரவு செய்த பழைய கட்டடம் ஒரு காலத்தில் ஏழைகளை அடைத்து வேலை வாங்கிய விடுதி. வாசலிலேயே பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்துவிடுவார்களாம். அங்கே செத்த பிள்ளைகளின் நினைவாக, பியற்றிஸ் என்ற வெள்ளைக்காரச் சிற்பி மெழுகில் முகங்கள் செய்து, கண்காட்சியாகக் கூடத்துச் சுவர் முழுக்க மாட்டியிருந்தாள். பெயர் இல்லை, இலக்கம் மட்டும். ஈரச் சுண்ணாம்பு மணத்தது.

“அப்பா, இந்தத் தங்கச்சிக்கு ஒருத்தரும் பொட்டு வைக்கேல்லை,” என்றாள் பாமா.

பாமாவின் கன்னத்தில், நாவூறு படாமலிருக்கத் தாய் வைத்த கறுத்தப் பொட்டு இருந்தது. ஒரு பிள்ளையின் பொட்டை எடுத்து இன்னொன்றுக்கு வைக்கக் கூடாது. எனக்குத் தெரியும். வெறும் மெழுகுதானே என்று, விரலால் வழித்து அந்தச் சின்ன முகத்தில் வைத்தேன். பாழாய்ப்போன விரல்.

மெழுகு சூடாக இருந்தது.

அதற்குப் பிறகு பாமா பேசவில்லை. சாப்பாட்டு நேரம் பாண் துண்டைத் தலையணைக்குக் கீழே ஒளித்தாள். விடியுமுன் எழும்பி, போர்வையை மடித்து, கட்டிலோரம் கைகட்டி நின்றாள்.

“பிள்ளை இப்ப நல்ல அடக்கம்,” என்றாள் கமலாம்பிகை.

புதுப் பொட்டு வைத்தாள். ஒட்டவில்லை. மூன்று நாளும் ஒட்டவில்லை. நாலாம் நாள், குளிப்பாட்டிவிட்டுத் தோட்டைப் போடப் போனவள் அலறினாள்.

“இஞ்சேருங்கோ... பிள்ளையின்ர காதில ஓட்டையைக் காணேல்லை!”

அந்தக் கட்டடத்துக் கூடத்துக்கு ஓடினேன். கண்காட்சி முடிந்திருந்தது. வாசலில் லொறி நின்றது. பியற்றிஸ் முகங்களைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பொட்டு வைத்த முகத்தின் இரண்டு காதிலும் துளை.

“நான் துளை போடவில்லையே,” என்றாள் அவள் ஆங்கிலத்தில்.

அது என் மகள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கெஞ்சினேன். அவள் கையைக் கூடப் பிடித்தேன். லொறிக்காரன் என்னை இழுத்துச் சுவரோடு அழுத்தினான். பியற்றிஸ் இரக்கத்தோடு பார்த்துவிட்டு, அந்த முகம் இருந்த பெட்டிக்கு மூடியை வைத்து ஆணி அடிக்கத் தொடங்கினாள்.

பெட்டிக்கு உள்ளேயிருந்து பாமாவின் குரல் மெல்லக் கேட்டது.

“அப்பா, வீட்டை போவம்.”

எனக்கு மட்டுந்தான் கேட்டது. பியற்றிஸ் கடைசி ஆணியை எடுத்தாள்.