சாம்பல் நிறச் சவரக் கத்தி

“கொலை பண்ணிட்டு வந்து நின்னாக்கூட இவ்வளவு கேவலமாப் பேச மாட்டாங்க சார்!”

வந்தவள் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. பழங்காலச் சவரக் கத்திகளைச் சீர்செய்பவள். துருவை மட்டும் எடுப்பாள். கத்தியோடு பிறந்த மங்கலான சாம்பல் மெருகில் கை வைக்க மாட்டாள். அதற்காகவே அவளைத் தேடி ஆள் வரும். இப்போது ஒரு ஈ, காக்கைகூட எட்டிப் பார்ப்பதில்லை.

துப்பறிபவருக்கு ஊர் வைத்த பெயர் நிதானம். எப்போதும் கூடவே ஒட்டிக்கொண்டு திரிந்த அவர் மைத்துனனுக்கு அவசரம். ஊருக்குக் கண் இருக்கிறது.

“ஒரு பெரியவர் அவங்க அப்பாவோட கத்தியைக் குடுத்தார். ‘சாம்பல் மெருகு போகக் கூடாது’ன்னு கெஞ்சிக் கேட்டார். துருவை எடுத்து அண்ணன்கிட்ட குடுத்தேன். பொட்டலம் கட்டிக் குடுக்கறது அவன் வேலை. பெரியவர் பட்டறையிலேயே பிரிச்சார். கண்ணாடி மாதிரி மின்னுது! பாலிஷ் போட்டு நாசம் பண்ணிட்டேன்னு வீடு வீடாச் சொல்றார். கத்தியை நான் தொட்டுப் பார்க்கக்கூட விடலை. இப்படியே போனா பட்டறையை மூட வேண்டியதுதான்.”

“அண்ணன் என்ன சொல்றார்?”

“தண்ணி குடுத்து, ‘எல்லாரும் தப்புப் பண்றதுதான்’னு சமாதானம் சொல்றான். நான் பண்ணலைன்னு அவனே நம்பலை!”

“அண்ணன்தான் மாமா!” அவசரம் துள்ளினான். “மெஷின்ல குடுத்து பாலிஷ் போட்டிருக்கார்!”

“கொஞ்சம் வாயை மூடு மாப்ளே. ஏம்மா, வேலை பார்க்கறப்ப பிடியைக் கழட்டுவீங்களா?”

“கழட்டவே மாட்டேன். பிடியோட கத்தியைச் சேர்த்திருக்கற ஆணியும் பழசுதானே? எண்ணெயில நனைச்ச நூலை இடுக்குல விட்டு இழுப்பேன்.”

வீட்டுக்குப் போனபோது பெரியவர் திட்டிக்கொண்டேதான் கத்தியைக் காட்டினார். நிதானம் பூதக்கண்ணாடியை வைத்தார். ஆணித் தலையில் பழைய கறுப்பு கலையாமல் இருந்தது. தட்டிய தடமே இல்லை. பிடியின் இடுக்கில் டார்ச் அடித்தார். ஆணியைச் சுற்றி, உள்ளேயும் கத்தி மின்னியது.

“பட்டறைக்கு வாங்க. மீதியை அங்க திட்டலாம்,” என்றார்.

பட்டறையில் அண்ணனும் இருந்தான். நிதானம் கத்தியை மேஜைமேல் வைத்தார்.

“இதுக்கு யாரும் பாலிஷ் போடலை. ஆணியைக் கழட்டாம உள்பக்கத்துக்குப் பாலிஷ் போடவே முடியாது. ஆணியையோ யாரும் தொடலை. அப்படின்னா இது செஞ்ச நாள்லேர்ந்தே மின்னுது. ஐயா, இது உங்க கத்தியே இல்லை. அதே கம்பெனி, அதே பிடி, வேற கத்தி.”

“அப்ப யாரு மாத்தினது?” என்றார் பெரியவர்.

“பொட்டலத்தை இங்கயே பிரிச்சீங்க. அதுக்கு முன்னாடி கத்தி இருந்தது ரெண்டே பேர் கையில. தங்கச்சி மாத்தியிருந்தா மங்கலாத்தான் ஒண்ணைத் தேடி வெச்சிருப்பாங்க. மின்னினா நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு நினைக்க, இந்த வேலையில அரிச்சுவடிகூடத் தெரியாத ஆளாலதான் முடியும்.”

அண்ணனின் முகம் செத்துப்போனது.

“ஒருத்தர் நல்ல விலைக்குக் கேட்டார்… இன்னும் குடுக்கலை,” என்று முனகியபடி இழுப்பறையைத் திறந்து கத்தியை எடுத்தான். மங்கலாக, சாம்பல் நிறத்தில், மெருகு துளிகூடக் குலையாமல் இருந்தது. எவ்வளவு அழகான வேலை! அதைச் செய்தவளைத்தான் ஊரே காறித் துப்பியது.

பெரியவர் கை கூப்பினார். “மன்னிச்சிடும்மா.”

“எந்தெந்த வாசல்ல நின்னு என்னைத் திட்டினீங்களோ, அந்த வாசல்ல எல்லாம் போய்ச் சொல்லுங்க. அப்புறம் மன்னிக்கறேன்.”

“நாம வீட்டுல பேசிக்கலாம்…” என்று அண்ணன் இழுத்தான்.

“ஊரே திட்டறப்ப பக்கத்துல நின்னு தண்ணி குடுத்தியே பாவி, அப்பப் பேசியிருக்கணும். பட்டறைச் சாவியை வெச்சிட்டுப் போ.”

அவன் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியேறினான்.