கோடு விழாத கண்ணாடி

"அய்யோ...!"

பூங்காவனத்தின் அலறல் கமண்டல நாகநதிக் கரையில் நின்றிருந்த கொக்குகளை மொத்தமாகக் கிளப்பிவிட்டது.

1983. ஐப்பசி. காலை ஆறரை மணி.

ஓடிப்போன எருமையைத் தேடி வந்தவள் அவள். கருவேல மரத்தடியில் வெள்ளை அம்பாசிடர் ஒன்று நிற்பதைப் பார்த்தாள். நேற்று சாயந்திரம் பெய்த மழையில் காரின் வெளிப்பக்கமெல்லாம் சேறு. கிட்டே போய் எட்டிப் பார்த்தாள்.

பின் சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

கண்கள் திறந்திருந்தன...

நாக்கு வெளியே தள்ளியிருந்தது!

பட்டு முதலாளி சுப்பராயலு. ஆரணியில் அறுபது தறிகளுக்குப் பாவு நூல் கொடுத்துப் பட்டு நெய்து வாங்குகிறவர். கழுத்தைச் சுற்றி, ரத்தம் கட்டிய ஒரு கோடு.

எட்டு மணிக்குள் போலீஸ் வந்துவிட்டது. ஒன்பது மணிக்குள் சுப்பராயலுவின் டிரைவர் சம்பந்தம் லாக்கப்பில் இருந்தான்.

* * *

மத்தியானம் இரண்டு மணி.

"ஏம்மா, நீ இன்னும் போவலியா?"

இன்ஸ்பெக்டர் இராஜமாணிக்கம் எரிச்சலாகக் கேட்டார். ஸ்டேஷன் வாசற்படியில் காலையிலிருந்து ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பச்சைத் தண்ணீர் கூடப் பல்லில் படவில்லை. குணசுந்தரி. சம்பந்தத்தின் மனைவி.

"அவரு பண்ணலீங்க அய்யா..."

"எல்லாப் பொண்டாட்டியும் இதைத்தான் சொல்லுவா."

"சத்தியமா பண்ணலீங்க! நேத்து மொதலாளியே வண்டிய ஓட்டினு போறேன்னு சாவிய வாங்கிகினாரு. இவரு மேட்னி ஷோ சினிமாவுக்குப் போயிட்டாரு..."

"டிக்கெட் எங்கே?"

"கிழிச்சிப் போட்டுட்டாராம்..."

"கூட யாரு போனது?"

"தனியாத்தாங்க போனாரு..."

"கேட்டுக்கோ. செத்தவர் பின் சீட்ல இருந்தார். அப்போ முன் சீட்ல உட்கார்ந்து ஓட்டினது யார்? டிரைவர்! முந்தாநாள் பஜார்ல நாலு பேர் எதிர்ல உன் புருஷனை அவர் திட்டியிருக்கார். எதுக்குத் தெரியுமா?"

தெரியும்.

ஊருக்கே தெரியும்.

கண்ணாடிக்காக!

சம்பந்தம் கார் கண்ணாடியைத் துடைத்தால் உள்பக்கம் கோடு கோடாக நிற்கும். எதிரே லாரி லைட் அடித்தால் அத்தனை கோடும் பளிச்சென்று எரியும். ரோடு தெரியாது. செய்யாறு போய் வரும்போது ஒரு மாட்டு வண்டியில் இடிக்கப் பார்த்து, மயிரிழையில் தப்பித்தார்கள். 'ஒரு கண்ணாடி துடைக்கத் துப்பில்ல, நீயெல்லாம் டிரைவரா?' என்று சுப்பராயலு கத்தியதைப் பஜாரே நின்று கேட்டது.

"அந்தக் கோபம். கழுத்தை நெரிச்சிட்டான். அப்புறம் காருக்குள்ளே கண்ணாடி, ஸ்டியரிங், கைப்பிடி எல்லாத்தையும் துடைச்சிருக்கான். ஒரு ரேகை கிடையாது! நாலு மணிக்கு மாஜிஸ்திரேட். அப்புறம் வேலூர் ஜெயில். போம்மா."

குணசுந்தரி எழுந்தாள்.

வெளியே போகவில்லை. ஸ்டேஷன் காம்பவுண்டுக்குள் நின்ற அம்பாசிடரை நோக்கி நடந்தாள்!

"யோவ் பச்சையப்பன்! அவளைப் பிடிய்யா!"

ஏட்டு பச்சையப்பன் ஓடி வருவதற்குள் கார் ஜன்னலுக்குள் முகத்தை நுழைக்காத குறையாகப் பார்த்துவிட்டாள்.

வெளியே சேறு. ஆனால் உள்பக்கம்...

ஒரு கோடு இல்லை. ஒரு பஞ்சு இல்லை. மூலை முடுக்கில் கூட ஈரம் காய்ந்த தடம் இல்லை.

"அய்யா! இது அவரு தொடச்சது இல்லீங்க!"

"என்னது?"

"அவருக்கு இது வராதுங்க! ஏழு வருஷமா சொல்லிக் குடுக்கறேன், வரல! ஈரத் துணிய வெச்சி வட்டம் வட்டமா தேச்சி அப்படியே வுட்டுடுவாரு. அவர இட்டாந்து தொடைக்கச் சொல்லுங்க, அய்யா... உங்க கால்ல வுழறேன்!"

விழுந்தே விட்டாள்.

அப்போது காம்பவுண்டுக்குள் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் செத்துப்போன சுப்பராயலுவின் மைத்துனர் பலராமன், வியாபாரத்தில் கூட்டாளி. ஆஸ்பத்திரியிலிருந்து பிணத்தை வாங்க இன்ஸ்பெக்டரின் கையெழுத்துக்காகக் காத்திருந்தார். இன்னொருவர் ஸ்டுடியோக்காரர் பரசுராமன். கல்யாணப் பெண்களையும் கொலையுண்ட பிணங்களையும் ஒரே கேமராவில் எடுப்பவர். காலையில் எடுத்த படங்களைக் கழுவிக் கொண்டுவந்திருந்தார்.

"பாவம் சார்... துடைக்கச் சொல்லித்தான் பாருங்களேன்" என்றார் பரசுராமன் இரக்கமாக.

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார்.

"அந்த ஜீப் கண்ணாடியைத் துடைக்கச் சொல்லுங்கய்யா."

சம்பந்தத்தை இழுத்து வந்தார்கள். ஒரே நாளில் பத்து வயசு கூடியிருந்தான். வாளித் தண்ணீரில் துணியை நனைத்தான். துடைத்தான்.

கண்ணாடி முழுக்க வட்டக் கோடுகள்!

"பாத்தீங்களா அய்யா!"

"பார்த்தேன். வேணும்னே கோடு விட்டிருக்கான்."

"இல்லீங்க அய்யா! அவருக்கு நெசமாவே வராதுங்க!"

"சரிம்மா, உன் புருஷனுக்கு வராது. அப்படின்னா கோடு விழாம யாருக்குத் துடைக்கத் தெரியும்?"

"எனக்கு..."

சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகுதான் புரிந்தது!

"நான் ஜவுளிக்கடையில ஷோகேஸ் கண்ணாடி தொடைக்கிறவங்க. ஈரத் துணியால மொதல்ல அழுக்க எடுத்துட்டு, பழைய பேப்பர கசக்கி ஒலர தொடைக்கணும். உள்பக்கம் குறுக்கால... வெளிப்பக்கம் நெடுக்கால... அப்பதான் கோடு வுழுந்தா எந்தப் பக்கம்னு தெரியும்..."

பேசப் பேச அவள் குரல் தேய்ந்தது. எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பச்சையப்பன்..." இன்ஸ்பெக்டர் மெதுவாகச் சொன்னார். "நெரிச்சது புருஷன். துடைச்சது பொண்டாட்டி. ரெண்டு பேர் மேலயும் எழுதுங்க."

"குணா!" சம்பந்தம் கதறினான். "உன்ன யாருடி வரச் சொன்னது? அய்யா, நான்தான் பண்ணேன்! ஒத்துக்கறேன்! அவள வுட்டுடுங்க அய்யா!"

"சும்மா இருங்க!"

குணசுந்தரி கத்தினாள்.

"செய்யாதத செஞ்சேன்னு சொல்லாதீங்க! வூட்ல புள்ள இருக்குது!"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காரையே வெறித்தாள். மணி மூன்று. ஏதாவது... ஏதாவது ஒன்று...

சட்டென்று நிமிர்ந்தாள்.

"அய்யா, இதத் தொடச்சவன் கண்ணாடிய எறக்காம தொடச்சிருக்கான்!"

"அதனால?"

"கண்ணாடி மேல ஏறியிருந்தா மேல் ஓரம் ரப்பருக்குள்ள போயிடுமுங்க. கொஞ்சம் எறக்கித் தொடச்சாதான் அந்த ஓரம் சுத்தமாவும். அவசரத்துல இருக்கிறவன் அதப் பண்ணமாட்டான். ஒரே ஒரு தபா எறக்கிப் பாக்கறேன் அய்யா. அதுக்கப்புறம் என்னத் தூக்குல வேணா போடுங்க!"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பின்கதவைத் திறந்து, சீட் ஓரத்தில் உட்கார்ந்து, உள்ளே குனிந்து கைப்பிடியைத் திருகினாள். அது இறுகிப்போயிருந்தது. முக்கித் திருகினாள். கண்ணாடி இரண்டு விரற்கடை இறங்கியது.

"அய்யா...! இங்க பாருங்க!"

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

கண்ணாடியின் மேல் ஓரத்தில், உள்பக்கமாக...

நான்கு விரல்கள்! பளிச்சென்று!

"வெளியில நின்னு கண்ணாடியப் புடிச்சிகினு பேசினா இப்படித்தான் விரலு உள்பக்கம் வுழும்!" என்றாள் குணசுந்தரி மூச்சிரைக்க.

"யாரும் கிட்ட வராதீங்க!" இன்ஸ்பெக்டரின் குரல் இப்போது வேறு. "வேலூருக்கு போன் போடுங்க பச்சையப்பன். ரேகை எக்ஸ்பர்ட் ஜல்தியா வரணும்."

பலராமன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஐப்பசி மாசத்தில் அவருக்கு அப்படி வேர்த்தது!

குணசுந்தரி அதைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டரிடம் போய்த் தணிந்த குரலில் சொன்னாள்.

"அய்யா... ஆளு வர்றதுக்குள்ள யாராச்சும் அத அழிக்க வந்தா?"

இன்ஸ்பெக்டரும் பலராமனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரட்டும்" என்றார்.

* * *

மூன்றரை மணி.

காம்பவுண்டில் யாரும் இல்லை. பச்சையப்பன் மட்டும் காருக்குச் சற்றுத் தள்ளி, பெஞ்சில் உட்கார்ந்து தூங்குவதுபோல் தலையைத் தொங்கப் போட்டிருந்தார். இன்ஸ்பெக்டரும் குணசுந்தரியும் ரைட்டர் அறையின் ஜன்னலுக்குப் பின்னால் மூச்சை அடக்கி நின்றார்கள்.

கேட் முனகியது.

பலராமன்!

தயங்கித் தயங்கிக் கார் அருகே வந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். கையைப் பையில் விட்டார்...

இன்ஸ்பெக்டர் ரிவால்வர் உறையைத் தொட்டார்.

பலராமன் வெளியே எடுத்தது ஒரு சின்னப் பொட்டலம். அதிலிருந்த விபூதியை எடுத்துக் காரின் பானெட்டில் வைத்தார். தலையை அதன்மேல் சாய்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு வேட்டி முனையில் மூக்கைச் சிந்தியபடி போய்விட்டார்.

"சே!" என்றார் இன்ஸ்பெக்டர்.

குணசுந்தரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தப்பான ஆளைச் சந்தேகப்பட்டாயிற்று. இன்னும் அரை மணி...

மறுபடியும் கேட் முனகியது.

இந்த முறை வந்தவர் தயங்கவே இல்லை. தோளில் கேமரா. நேராகப் பச்சையப்பனிடம் வந்தார்.

"ஏட்டய்யா... தூங்கறீங்களா? வேலூர்க்காரங்க வர்றதுக்குள்ள ரேகை மங்கிடும். போட்டோ எடுத்து வெக்கச் சொன்னாரு இன்ஸ்பெக்டர்."

பச்சையப்பன் அரைக்கண்ணால் தலையசைத்தார்.

பரசுராமன் கார்க்கதவைத் திறந்தார். பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். பஞ்சை எடுத்தார். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்தார். இடமிருந்து வலமாக, ஒரே இழுப்பு...

நான்கு விரல்களும் காணாமல் போயின!

ஒரு கோடு கூட விழவில்லை.

"அழிச்சிட்டான்! அய்யா, அழிச்சிட்டான்!"

குணசுந்தரியின் கூச்சலுக்கு முன்னால் இன்ஸ்பெக்டர் பாய்ந்துவிட்டார்.

"எதுக்குய்யா துடைச்சே?"

"சார்... கிளேர் அடிச்சுது சார்... லென்ஸ் துடைக்கிற மாதிரி லேசா..."

"போட்டோ எடுக்க உன்கிட்ட யார் சொன்னது?"

பரசுராமன் கேமராவைத் தோளில் ஏற்றி விட்டுக்கொண்டார்.

இன்ஸ்பெக்டரின் பார்வை அவர் தோளுக்குப் போனது. தோலாலான கேமரா உறை பழசு. வெளுத்து, மூலையெல்லாம் தேய்ந்திருந்தது. ஆனால் அதன் வார்...

புத்தம் புதுசு!

"டாக்டர் காலையில சொன்னார். கழுத்தில் அரை அங்குல அகலத்துக்கு வார் அழுத்தின தடம், ரெண்டு ஓரமும் தையல் புள்ளின்னு. பழைய வார் எங்கே பரசுராமன்?"

பரசுராமனின் கை புது வாரை மூடியது.

"ஸ்டுடியோவைப் புரட்டிப் போடட்டுமா?"

"வேணாம் சார்!"

பாட்டில் கீழே விழுந்து உடைந்தது. பரசுராமனும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவரு பொண்ணு கற்பகம்... மாப்பிள்ளை வீட்டுக்குக் குடுக்க என்கிட்ட போட்டோ எடுத்துக்கிச்சு. அந்த முகத்தை வேற ஒரு கண்றாவிப் படத்துல ஒட்டி... பயமுறுத்தினேன் சார். சொன்ன இடத்துக்கு வரச் சொன்னேன். அந்தப் பொண்ணு அப்பாகிட்ட சொல்லிடுச்சு. நெகட்டிவைக் குடு, இல்லேன்னா போலீஸ்னாரு..."

"ஆத்தங்கரைக்குக் கூப்பிட்டே."

"தர்றேன்னு கூப்பிட்டேன். பொண்ணு பேரு கெடக்கூடாதுன்னு டிரைவரைக் கூட விட்டுட்டுத் தனியா வந்தாரு. நான் பின்னாடி உட்கார்ந்திருந்தேன். மழை. ஜன்னல் எல்லாம் ஏத்தியிருந்தது. வாரைக் கழட்டி... அப்புறம் அவரைப் பின் சீட்டுக்கு மாத்தினேன். டிரைவர் மேல சந்தேகம் வரட்டும்னு."

லாக்கப் கம்பிக்குப் பின்னால் சம்பந்தம் சத்தம் போட்டு அழுதுகொண்டிருந்தான்.

"எல்லாத்தையும் துடைச்சேன் சார். மழைக்கு முன்னாடி ஏறுறப்போ அந்தக் கண்ணாடி ஓரத்தைப் பிடிச்சிருப்பேன் போல... அந்த நாலு விரல் மட்டும் இல்லேன்னா..."

"அது உங்க விரலு இல்லீங்க" என்றாள் குணசுந்தரி.

பரசுராமன் நிமிர்ந்தார். இன்ஸ்பெக்டரும் திரும்பினார்.

"என்னம்மா சொல்றே?"

"அந்த ஓரத்துல ஒண்ணுமே இல்லீங்க அய்யா. ரப்பரு தேச்சி சுத்தமாத்தான் இருந்துது. எனக்கு வேற வழி தெரியல. தலையில எண்ணெய் வெச்சிகினு இருந்தேன். கூந்தல்ல கைய தொட்டுட்டு... நானே வெச்சேன். பண்ணவன் யாரா இருந்தாலும் எதயெத தொட்டோம்னு அவனுக்கே நெனப்பு இருக்காது, பயத்துல அழிக்க வருவான்னு நெனச்சேன்..."

இன்ஸ்பெக்டர் அவள் கையைத் திருப்பச் சொல்லிப் பார்த்தார். விரல்களில் எண்ணெய் பளபளத்தது.

"பொய்த் தடயம் உண்டாக்கினதுக்கு உன்னை உள்ளே தள்ளலாம், தெரியுமா?"

"தள்ளுங்க அய்யா. ஆனா மொதல்ல அவர வெளிய வுட்டுடுங்க. புள்ளைக்கு யாராச்சும் சோறு போடணும்."

இன்ஸ்பெக்டர் சாவிக்கொத்தை வாங்கித் தன் கையாலேயே லாக்கப்பைத் திறந்தார். சம்பந்தம் வெளியே வந்தான். மனைவியின் எண்ணெய்க் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவள் அப்போதுதான் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.

"கூட்டிட்டுப் போம்மா. எண்ணெய் விஷயம் என் காதில் விழவே இல்லை."

லாக்கப் கதவு இன்னொரு முறை திறந்து, பரசுராமனை வாங்கிக்கொண்டு மூடியது.

"ஏட்டய்யா..." அவர் குரல் கம்மியது. "அடுத்து என்ன பண்ணுவீங்க?"

பச்சையப்பன் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"ரெக்கார்டுக்கு உங்கள ரெண்டு போட்டோ எடுக்கணும். சேத்துப்பட்டுலருந்து வேற ஸ்டுடியோக்காரரு வந்துகினு இருக்காரு. புதுசா தொழிலுக்கு வந்தவரு, கையெல்லாம் ஒதறுது... நீங்கதான் கொஞ்சம் ஆடாம அசையாம நின்னு, சிரிச்சாப்ல போஸ் குடுக்கணும்!"